பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையைப் பற்றித் தாதியரான நாம் எவ்வளவு அறிந்திருக்கிறோம்?

தெம்பனிஸ் தாதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் பொது மருத்துவமனை ஒன்றின் அறுவை சிகிச்சைப் பிரிவில் நீண்டகாலமாகப் பணியாற்றுகிறேன். புதிதாகச் சேரும் தாதியருக்கு வகுப்பெடுக்கும் பொறுப்பும் எனக்கு உண்டு. அவ்வகுப்புகளில் தொடர்ந்து கண்டுவரும் ஒரு குறையை இங்கே விவாதத்துக்கு வைக்க விரும்புகிறேன்.

பெருங்குடலின் ஒரு பகுதியை அகற்றிய நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டால் எங்கள் தாதியர் தயக்கமின்றிச் சொல்வார்கள். மலம் வெளியேற வயிற்றில் அமைக்கும் திறப்பான ஸ்டோமாவின் நிறம் எப்படி இருக்க வேண்டும், குடலை இணைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டால் முதலில் எந்த அறிகுறி தென்படும், நோயாளியை எப்போது எழுப்பி நடக்க வைக்கலாம் என்பவையெல்லாம் அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் அதே நோயாளியைப் பார்க்க வரும் தம்பி, "அண்ணனுக்கு 52 வயதில் இது வந்திருக்கிறது, எனக்கு இப்போது 43 வயது, நான் எப்போது பரிசோதித்துக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டால், "50 வயதானதும் பலதுறை மருந்தகத்துக்குப் போய்க் கேளுங்கள்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு 60 வயதுக்குள் இந்நோய் வந்திருந்தால், மற்றவர்கள் 40 வயதிலோ, குடும்பத்தில் மிக இளவயதில் நோய் கண்டவரின் வயதுக்குப் பத்தாண்டு முன்னதாகவோ, எது முந்தியதோ அப்போது, குழாய் விட்டுப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்யத் தொடங்க வேண்டும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைத் தொடர வேண்டும். அந்தத் தம்பிக்கு உரிய காலம் ஏற்கெனவே வந்துவிட்டது. நாமோ அவரை இன்னும் ஏழாண்டு காத்திருக்கச் சொல்லி அனுப்புகிறோம்.

சிங்கப்பூரில் ஆண்களிடமும் பெண்களிடமும் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களின் வரிசையில் இது பல்லாண்டுகளாக முதல் இரண்டு இடங்களுக்குள் இருக்கிறது. 50 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கொருமுறை வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய 'ஃபிட்' என்னும் மலப் பரிசோதனைக்கு அரசாங்க உதவி இருக்கிறது. சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் அவ்வயதுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அந்தச் சோதனைப் பெட்டியை இலவசமாகவே தருகிறது. 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி என்னும் அரசாங்க நோய்த்தடுப்புத் திட்டத்தில் சேர்ந்த குடிமக்கள், பரிந்துரைக்கப்படும் பரிசோதனைகளுக்குக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. இத்தனை வசதி இருந்தும், உரிய வயதினரில் பாதிக்கும் மேற்பட்டோர் இதை உரிய காலத்தில் செய்துகொள்வதில்லை. பணம் பெருந்தடையாக இல்லாத ஊரில் வேறு எவை தடையாக இருக்கின்றன என்பதை மிக அருகிலிருந்து பார்ப்பவர்கள் தாதியர்தாம்.

நோய் முற்றிய பின் செய்ய வேண்டியவற்றில் நமக்குள்ள தேர்ச்சி, அது வருமுன் சொல்ல வேண்டியவற்றில் இல்லை என்பதே என் கவலை. மற்றப் பிரிவுகளில் இருப்போர் என்ன காண்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

உள்நோக்கி எழுதியது:

வணக்கம், அக்கா. எண்டோஸ்கோப்பி பிரிவில் பணிபுரியும் தாதி நான். நீங்கள் சொன்னது முற்றிலும் உண்மை. எங்கள் பிரிவுக்கு வருவோரிடம் பேசும்போது, அவர்களுக்கு முன்னர் யாரோ சொல்லி அனுப்பிய அரைகுறைச் செய்திகள் வெளிப்படுகின்றன. அவற்றைச் சொன்னவர்களில் தாதியரும் உண்டு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபிட் பரிசோதனை, மலத்தில் கலந்திருக்கும் மனித இரத்தத்தின் குளோபின் என்னும் புரதத்தை எதிர்ப்பொருள் கொண்டு கண்டறிகிறது. பழைய குவாயக் முறையோ குளோபினைத் தேடுவதில்லை. ஒரு வேதிவினையைக் கொண்டே இரத்தத்தை ஊகித்தது. அதனால் ஆட்டிறைச்சியும் முள்ளங்கியும் வைட்டமின் சி மாத்திரையும் அதன் முடிவைக் குழப்பக்கூடும் என்று உணவுக் கட்டுப்பாடு விதித்தோம். ஃபிட் முறைக்கு அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. இருந்தும், "மூன்று நாள் இறைச்சி சாப்பிடக்கூடாது" என்று இன்றும் சொல்லி அனுப்பும் தாதியர் இருக்கிறார்கள். அதைக் கேட்டவர், வீட்டு விசேஷமெல்லாம் முடியட்டும் என்று பெட்டியை அலமாரியில் வைத்துவிடுகிறார். தேவையற்ற ஒரு நிபந்தனை பரிசோதனையையே நிறுத்திவிடுகிறது.

வயிற்றிலோ சிறுகுடலின் மேற்பகுதியிலோ கசியும் இரத்தத்தின் குளோபின் கீழே வருவதற்குள் பெரும்பாலும் செரித்துவிடும். எனவே ஃபிட் முடிவு இரத்தம் இருப்பதாகக் காட்டினால், பெருங்குடலிலோ மலக்குடலிலோ காரணத்தைத் தேட வேண்டும் என்பது பொருள். குளோபின் வெப்பத்தில் சிதையும் என்பதும் நம் ஊருக்கு மிக முக்கியமான செய்தி. மாதிரியை எடுத்த பின் காருக்குள்ளோ வெயில் படும் சன்னலோரத்திலோ போட்டுவைத்தால், உண்மையில் இரத்தம் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். வழிகாட்டித் தாளில் குறித்துள்ள நாள்களுக்குள் அனுப்பும்படி நாம் வற்புறுத்த வேண்டும். மலம் கழிவறைத் தொட்டியின் நீரில் படாமல் தாளை விரித்து எடுப்பது, குச்சியால் ஓரிடத்தில் மட்டும் குத்தாமல் மேற்பரப்பில் பல இடங்களைச் சுரண்டுவது, மாதவிடாய் நாள்களிலும் மூலத்தில் இரத்தம் வடியும் நாள்களிலும் எடுக்காமல் தள்ளிவைப்பது ஆகியவற்றை ஒருமுறை செய்து காட்டினால் போதும்; மக்கள் புரிந்துகொள்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒருமுறை செய்யும் ஃபிட், இருக்கும் புற்றுநோய்களில் ஏறத்தாழ 79 விழுக்காட்டைக் கண்டுபிடிக்கும் என்று 2014இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று கணித்தது. குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சியான பாலிப்புகளில் பெரியவற்றைக் கண்டறிவதில் அதன் திறன் இன்னும் குறைவு. ஆகவே, 'இரத்தம் இல்லை' என்று வந்த முடிவு அடுத்த ஆண்டும் செய்ய வேண்டும் என்பதோடு சேர்ந்துதான் பொருள்படும். பாலிப் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்தாண்டு அளவுக்குக் காலம் பிடிப்பதால், ஆண்டுதோறும் செய்யும்போது ஒருமுறை தப்பியது அடுத்தமுறை அகப்பட வாய்ப்பிருக்கிறது. "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று முடித்துவிடாமல், "இந்த ஆண்டு இரத்தம் தென்படவில்லை, அடுத்த ஆண்டும் செய்யுங்கள்" என்று சொல்லும் வழக்கம் நமக்கு வர வேண்டும்.

கடையநல்லூரான் எழுதியது:

தாதியர் சகோதரிகளுக்கு என் வணக்கம். நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். இந்த இழையைப் படித்ததும் கேட்கத் தோன்றியது. என் மனைவிக்கு 58 வயது. இரண்டு நாள் மாதிரி எடுத்து அனுப்பினோம். ஒன்றில் இரத்தம் இருப்பதாகவும் மற்றதில் இல்லை என்றும் முடிவு வந்தது. மருந்தகம் ஒன்றில் கேட்டபோது, மூலமாக இருக்கலாம், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை மலப் பரிசோதனை செய்து பார்ப்போம் என்று சொன்னார்கள். அவருக்கு வயிற்று வலியோ வேறு தொல்லையோ இல்லை. மறுபடியும் செய்து அது நன்றாக வந்தால் விட்டுவிடலாமா? குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு அவர் மிகவும் அஞ்சுகிறார்.

உள்நோக்கி எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்டது மிக நல்லதாயிற்று. இரண்டு மாதிரிகளில் ஏதேனும் ஒன்றில் இரத்தம் தென்பட்டாலும் அடுத்த படி கொலோனோஸ்கோப்பிதான். பாலிப்போ புற்றுநோயோ எல்லா நாளும் இரத்தம் கசிவதில்லை. இரண்டு நாள் மாதிரி கேட்பதற்கே அதுதான் காரணம். மறுமுறை செய்து இரத்தம் இல்லை என்று வந்தால், அது முதல் முடிவை அழித்துவிடாது. மூலம் இருப்பதும் விடையாகாது. மூலமும் பாலிப்பும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். ஆஸ்பிரின் போன்ற மருந்து உட்கொள்பவர்களுக்கும் இதே விதிதான்.

அச்சத்தைக் கொஞ்சம் தணிக்கவும் விரும்புகிறேன். இரத்தம் தென்பட்ட நூறு பேரில் ஒரு சிலருக்கே புற்றுநோய் இருக்கும். அவர்களைவிடப் பல மடங்கு பேருக்குப் பாலிப் இருக்கும். அதை அந்தச் சோதனையின்போதே அகற்றிவிடலாம். எதுவும் இல்லாமல் வருவோரும் நிறைய உண்டு. அதே வேளையில் தள்ளிப்போடவும் கூடாது. அமெரிக்காவில் ஏறத்தாழ 70,000 பேரை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஃபிட் முடிவுக்குப் பின் பத்து மாதத்துக்கும் மேல் காத்திருந்து கொலோனோஸ்கோப்பி செய்துகொண்டவர்களிடம் புற்றுநோயும், அதன் முற்றிய நிலையும் கூடுதலாகக் காணப்பட்டன. வேறொரு குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ அணுகி, சிறப்பு மருத்துவருக்கான பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். சோதனைக்கு, மருத்துவச் செலவுக்கான சேமிப்பாகிய மெடிசேவ் தொகையைப் பயன்படுத்துவது பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம்.

தாதியருக்கும் ஒரு வார்த்தை. மறுபடி மலப் பரிசோதனை செய்யலாம் என்று யார் சொன்னாலும், அதைத் தலையாட்டி ஏற்காமல் மருத்துவரிடம் மரியாதையாகக் கேள்வி கேட்கும் அளவுக்கு நமக்கு அறிவு வேண்டும். வார்டில், விரலால் மலக்குடலைச் சோதிக்கும்போது கையுறையில் கிடைத்த மலத்தை ஒருமுறை சோதித்துவிட்டு 'இரத்தம் இல்லை' என்று குறிப்பேட்டில் எழுதுவதையும் புற்றுநோய்ப் பரிசோதனையாகக் கணக்கிடக் கூடாது.

நெல்லைச் செவிலி எழுதியது:

வணக்கம். தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கு வந்து, இப்போது முதியோர் தாதிமை இல்லத்தில் பணியாற்றுகிறேன். எங்களைப் போல் வெளியிலிருந்து வந்தவர்களின் நிலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் படித்த காலத்தில் பெருங்குடல் புற்றுநோயின் நிலைகளையும் அறுவை முறைகளையும் படித்தோம். நலமாக இருப்பவரைக் கூப்பிட்டு மலப் பரிசோதனை செய்யும் முறையை ஒரு வரியாகக்கூடப் படித்த நினைவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் இந்நோயின் விகிதம் சிங்கப்பூரைவிட மிகக் குறைவு. அங்கு 2016இல் அரசு வகுத்த பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களை முன்னிறுத்தியது. அந்த ஊரின் நோய்ச்சுமைக்கு அது பொருத்தமானது. ஆனால் அந்தப் படிப்போடு இங்கே வரும் செவிலியர், இங்குள்ள நோய்ச்சுமைக்கு ஏற்ப மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது. பணியில் சேரும்போது நடத்தப்படும் அறிமுகப் பயிற்சியில் மருந்து கொடுக்கும் முறை, நோய்த்தொற்றுத் தடுப்பு, கீழே விழாமல் காப்பது எல்லாம் இருக்கும். பரிசோதனைத் திட்டங்களைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நம்மவர்களிடையே பரவியிருக்கும் ஓர் எண்ணத்தையும் பேச வேண்டும். சிங்கப்பூரில் சீனர்களிடம் இந்நோய் மிகுதி. மலாய்க்காரர்களிடமும் இந்தியர்களிடமும் குறைவு என்று பதிவேடுகள் காட்டுவது உண்மைதான். அதைக் கேள்விப்பட்ட தமிழர் பலர் இதைச் சீனர்களின் நோய் என்றே நினைக்கிறார்கள். செவிலியர் சிலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தமிழ் நோயாளி என்றால் நீரிழிவையும் இதயத்தையும் பற்றிப் பேசிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். நீரிழிவே இந்நோய்க்கு ஒரு காரணி. இங்குள்ள சீனர்களைவிட இந்தியர்களிடம் நீரிழிவு மிகுதி. இடுப்புப் பருமன், உடலுழைப்பு இல்லாமை, மது, புகை எல்லாம் சேர்ந்தால் ஒரு தனிமனிதரின் அபாயத்தை அவருடைய இனம் தீர்மானித்துவிடாது. மரக்கறி உணவு மட்டும் உண்பவர் தமக்கு வராது என்று உறுதியாக நம்புவதையும் பார்க்கிறேன். 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவை, பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று வகைப்படுத்தியது. இறைச்சியைக் குறைப்பதால் அபாயம் குறையும். ஆனால் 50 வயதில் செய்ய வேண்டிய சோதனையை அது தள்ளுபடி செய்யாது.

எங்கள் இல்லத்தில் இதற்கு நேர்மாறான ஒரு சிக்கலும் எழுகிறது. படுத்த படுக்கையாக இருக்கும் 86 வயது அம்மாவுக்கு இந்தச் சோதனை செய்யவில்லையே என்று மகன் கேட்கிறார். 75 வயதுக்கு மேல், உடல்நிலையையும் எதிர்பார்க்கும் ஆயுளையும் நோயாளியின் விருப்பத்தையும் பார்த்து மருத்துவரோடு கலந்து முடிவெடுக்க வேண்டும். 85ஐத் தாண்டிய பின் பொதுவாக இதைப் பரிந்துரைப்பதில்லை. குடல் சுத்தம் செய்வதும் மயக்க மருந்துமே அவரைத் துன்புறுத்திவிடும். யாருக்குச் செய்ய வேண்டாம் என்று பரிவோடு விளக்கத் தெரிவதையும் இந்த அறிவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செம்பவாங் முன்னாள் தாதி எழுதியது:

அனைவரின் அக்கறையையும் மதிக்கிறேன். இருந்தாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்ய வேண்டும். பணியிலிருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் சற்று வெளிப்படையாகவே பேசலாம். வார்டில் ஒரு ஷிப்டுக்குள் மருந்து, காயக் கட்டு, பதிவேடு, குடும்பத்தாரின் கேள்விகள், புதிய அனுமதிகள் என்று ஓடிக்கொண்டிருக்கும் தாதியின் தலையில் இன்னொரு கடமையை ஏற்றுகிறோம். குடும்ப வரலாறு கேட்டு அபாயம் கணிப்பது மருத்துவரின் வேலை. தாதி தவறாக ஒரு வயதைச் சொல்லிவிட்டால் பழி யாருக்கு? ஹெல்தியர் எஸ்ஜி திட்டமே ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப மருத்துவர் வேண்டும் என்பதற்காகத்தானே வந்தது? அறிவு இருக்கட்டும், ஆனால் அதற்கான நேரத்தை மேலாண்மை ஒதுக்காமல் அறிவை மட்டும் அளந்து குறை சொல்வது தாதியருக்கு நியாயமாகாது.

தெம்பனிஸ் தாதி எழுதியது:

அக்கா, நேரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நேரம் ஒதுக்காத மேலாண்மையை விட்டுவிட்டுத் தாதியை மட்டும் குறைகூற நான் இந்த இழையைத் தொடங்கவில்லை. ஆனால் கடமை புதிதாக ஏறவில்லை என்பதையும் பணிவோடு சொல்ல வேண்டும். மக்கள் ஏற்கெனவே நம்மிடம் கேட்கிறார்கள். வார்டில் மட்டுமா? சமூக மன்றத்தில், கோயிலில், மின்தூக்கியில் அண்டை வீட்டாரிடம், திருமண விருந்தில் பெரியம்மாவிடம் என்று, தாதி என்று தெரிந்தாலே கேள்வி வந்துவிடுகிறது. நாம் எப்படியும் ஒரு பதிலைச் சொல்லத்தான் போகிறோம்; அது சரியான பதிலாக இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

அபாயத்தைத் தாதி கணிக்க வேண்டியதில்லை. "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது வந்திருக்கிறதா? எத்தனை வயதில்?" என்று கேட்டு, வந்திருக்கிறது என்றால் 50 வரை காத்திருக்காமல் இப்போதே மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பினால் போதும். அதேபோல, மலத்தில் இரத்தத்தைக் கண்ணால் பார்த்தவர், பல வாரங்களாக மலம் கழிக்கும் பழக்கம் மாறியவர், காரணமின்றி எடை குறைந்தவர், இரத்தச்சோகை உள்ளவர் ஆகியோரிடம் சோதனைப் பெட்டியை நீட்டக் கூடாது. அவர்கள் அறிகுறி உடையவர்கள். நேரே மருத்துவரிடம் போக வேண்டும். குடலின் வலப்பக்கத்தில் வளரும் கட்டி வெளியே தெரியும்படி இரத்தம் காட்டாமல் இரத்தச்சோகையாகவும் களைப்பாகவும் மட்டுமே வெளிப்படலாம். 60 வயது ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைவு என்றால், மாத்திரை கொடுத்துவிட்டு அதற்கான காரணத்தைத் தேடாமல் விடக் கூடாது என்பதை வார்டுத் தாதி அறிந்திருந்தால், மருத்துவச் சுற்றின்போது ஒரு வாக்கியத்தில் நினைவூட்டலாம். அதற்கு அரை நிமிடம் ஆகும்.

ஆய்வு மாணவி எழுதியது:

வணக்கம். தாதிமைப் பட்டப்படிப்பில் இறுதி ஆண்டு மாணவி நான். இதே தலைப்பில் ஆய்வுத் திட்டம் ஒன்றை வரைந்துகொண்டிருப்பதால் இந்த இழை எனக்குப் பெரும் உதவியாக இருக்கிறது.

இத்துறை ஆய்வுகள் பல, 'உடல்நல நம்பிக்கை மாதிரி' என்னும் கோட்பாட்டை அடிப்படையாகக் கொள்கின்றன. அது பிறந்த கதையே நம் விவாதத்துக்குப் பொருந்துகிறது. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை, காசநோயைக் கண்டறிய எக்ஸ்ரே எடுக்கும் வாகனங்களை மக்கள் வசிக்கும் இடத்துக்கே அனுப்பியது. வந்து எடுத்துக்கொண்டவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அதற்கான காரணத்தைத் தேடிய சமூக உளவியலாளர்கள், நோய் தமக்கு வரக்கூடும் என்று ஒருவர் எவ்வளவு நம்புகிறார், வந்தால் எவ்வளவு கடுமையானது என்று கருதுகிறார், சோதனையால் பயன் உண்டு என்று எண்ணுகிறாரா, எந்தத் தடைகளைக் காண்கிறார் என்பவற்றைப் பொறுத்தே அவர் செயல்படுகிறார் என்றார்கள். நெல்லைச் செவிலி அக்கா சொன்ன 'சீனர்களின் நோய்' என்ற எண்ணம் முதல் கூற்றிலேயே தடுத்துவிடுகிறது.

ஆகவே தாதியரிடம் சரியா தவறா என்று இருபது கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவதோடு நிற்க எனக்கு விருப்பமில்லை. 50 வயதைக் கடந்த தாதியர் தாமே இந்தச் சோதனையைச் செய்துகொண்டார்களா என்றும், சென்ற மாதத்தில் எத்தனை பேரிடம் இதைப் பற்றிப் பேசினார்கள் என்றும் கேட்க நினைக்கிறேன். அறிந்தும் செய்யாதவர்கள் ஏன் செய்யவில்லை என்பதை உட்கார்ந்து பேசிக் கேட்டால்தான் பயன் உண்டு.

இந்நோயைப் பற்றி உலகம் அறிந்தவற்றில் ஒரு பகுதி தாதியரின் உடலிலிருந்தே கிடைத்தது என்பதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 1976இல் அமெரிக்காவில் தொடங்கிய 'தாதியர் உடல்நல ஆய்வு' 1,21,700 பெண் தாதியரைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுடைய உணவையும் பழக்கங்களையும் பல்லாண்டு காலம் கேட்டுப் பதிவுசெய்தது. செந்நிற இறைச்சிக்கும் பெண்களின் பெருங்குடல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1990இலும், நெடுங்காலம் ஆஸ்பிரின் உட்கொள்வோரிடம் இந்நோய் குறைவதை 1995இலும் அந்த ஆய்வே காட்டியது. மாதத்துக்கு மூன்று இரவுகளாவது என்று பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ இரவுப் பணி செய்த தாதியரிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டதாக 2003இல் அதே குழுவினர் எழுதினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் அந்தத் தொடர்பை அவ்வளவு வலுவாகக் காட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எப்படியாயினும், ஷிப்டு முறையில் உணவும் உறக்கமும் உடற்பயிற்சியும் குலையும் தொழிலில் இருக்கும் நாம், இந்நோயை நோயாளிகளுக்கு மட்டும் உரியதாக நினைக்க இடமில்லை.

மருந்தாளர் யீஷூன் எழுதியது:

தாதியர் விவாதத்தில் மருந்தாளர் நுழைவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் முகப்பிலும் இதே கேள்விகள் வருவதால் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

உடல்நலச் சோதனைத் தொகுப்பு ஒன்றில், புற்றுநோயின்போது இரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் 'சிஇஏ' இரத்தப் பரிசோதனை செய்தேன், சரியாக வந்தது, ஆகவே மலப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்பவர்கள் நிறைய. சிஇஏ, நோய் உறுதியான பின் சிகிச்சையைத் தொடர்ந்து கண்காணிக்க உதவுவது. தொடக்க நிலைப் புற்றுநோயில் அது இயல்பாகவே இருக்கலாம். புகைபிடிப்பவரிடம் நோயின்றியே கூடியிருக்கலாம். அது ஃபிட் பரிசோதனைக்கு மாற்றாகாது. விளம்பரத் தாளோடு வருபவரிடம் இதை உறுதியாகச் சொல்லுங்கள்.

கொலோனோஸ்கோப்பிக்கு முன் மருந்துகளைப் பற்றிய கேள்வியைத் தாதியர் தவறாமல் எழுப்ப வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கிக் குடற்சுவரில் ஒட்டச் செய்வதால் ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நீரிழிவு மருந்துகளில் எஸ்ஜிஎல்டி2 வகையைச் சேர்ந்தவற்றை உண்ணாநிலையோடு தொடர்ந்தால் இரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோ அமிலநிலை என்னும் ஆபத்து நேரலாம் என்பதால் சில நாள் முன்பே நிறுத்தும்படி மருத்துவர் சொல்வார். இன்சுலின், இரத்தம் உறையாமைக்கான மருந்து ஆகியவற்றை எவரும் தாமாக நிறுத்தவோ தொடரவோ கூடாது. எழுத்தில் பெற்ற அறிவுரை வேண்டும்.

உள்நோக்கி எழுதியது:

மருந்தாளருக்கு மிக்க நன்றி. இதனோடு உணவு அறிவுரையையும் சேர்க்க வேண்டும். நாம் கொடுக்கும் தாள்களில் உள்ள உணவுகள் தமிழ் வீடுகளின் சமையலோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. நார்ச்சத்துக் குறைந்த உணவு என்று சொன்னால், கீரையும் பருப்பும் சேர்த்த உணவே இலேசானது என்று எண்ணி அதையே சமைத்துக் கொடுக்கும் வீடுகள் உண்டு. சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்து வெள்ளைச் சோறு, வெள்ளை ரொட்டி, மீன், முட்டை, வடிகட்டிய ரசம் ஆகியவற்றை உண்ணலாம். கீரை, கொண்டைக்கடலை, கொய்யா, டிராகன் பழம், முழுக்கோதுமைச் சப்பாத்தி, வெந்தயமும் கடுகும் மிதக்கும் குழம்பு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். முந்திய நாள் தெளிந்த நீராகாரம் மட்டும் என்னும்போது, பால் சேர்க்காத கோப்பி-ஓ குடிக்கலாம்; பால் சேர்ந்த தே தாரிக்கும் மைலோவும் கூடாது; சிவப்பு நிறப் பானங்கள் இரத்தம் போல் தோன்றும் என்பதால் ரோஜாப் பாகு கலந்த பண்டோங் கூடவே கூடாது. இப்படிப் பெயர் சொல்லி எழுதினால் நோயாளிக்குச் சந்தேகமே வராது.

குடலைக் கழுவும் மருந்துக் கரைசலை இரண்டாகப் பிரித்து, பாதியை முந்திய மாலையிலும் மீதியைச் சோதனைக்குச் சில மணி நேரம் முன்னும் குடிப்பது குடலை நன்கு சுத்தப்படுத்துகிறது. குடல் சுத்தமாக இல்லாவிட்டால் சிறிய பாலிப்புகள் கண்ணில் படாமல் போகும். சோதனையையே மறுபடி செய்ய வேண்டிவரும். இதை விளக்குவது முழுக்க முழுக்கத் தாதியின் பணி.

தெம்பனிஸ் தாதி எழுதியது:

அடுத்த வகுப்பின் வடிவத்தை மாற்றப் போகிறேன். நோயின் நிலைகளை விளக்கும் படங்களைக் குறைத்துவிட்டு, இந்த இழையில் வந்தவர்களைப் போன்ற மனிதர்களை முன்வைத்து, "இவருக்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேட்கப் போகிறேன். 43 வயதுத் தம்பி, ஒரு மாதிரியில் மட்டும் இரத்தம் தென்பட்ட அம்மா, சிஇஏ முடிவோடு வருபவர், இரத்தச்சோகையுள்ள முதியவர், படுக்கையில் இருக்கும் 86 வயதுப் பாட்டி ஆகியோரே போதும். ஷிப்டு மாற்றத்துக்கு முன் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்கும்படி மேற்பார்வையாளரிடம் கேட்கவிருக்கிறேன். செம்பவாங் அக்கா சொன்னதைக் காரணமாகக் காட்டியே கேட்பேன். ஆய்வு மாணவி, உங்கள் வினாப்பட்டியல் ஆயத்தமானதும் எனக்கு அனுப்புங்கள். நெல்லைச் செவிலி, வெளியிலிருந்து வந்து சேர்ந்த தாதியருக்கான பகுதியை எழுத நீங்கள் உதவ வேண்டும்.

கடையநல்லூரான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் கிடைத்துவிட்டது. சந்திப்பு நாளும் குறித்துவிட்டார்கள். இந்த இழையை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். மயக்க மருந்து கொடுத்த பின் அன்றே வீடு திரும்ப முடியுமா, மறுநாள் நோன்பு வைக்கலாமா என்று கேட்கிறார்.

உள்நோக்கி எழுதியது:

பெரும்பாலானோர் அன்றே வீடு திரும்பிவிடுகிறார்கள், ஐயா. நீங்களோ பிள்ளைகளில் ஒருவரோ கட்டாயம் உடன் வர வேண்டும். மறுநாள் வரை அவர் வாகனம் ஓட்டவோ முக்கியமான ஆவணங்களில் கையொப்பமிடவோ கூடாது. குடலைக் கழுவிய பின் உடலில் நீர் குறைந்திருக்கும் என்பதால் மறுநாள் நோன்பைப் பற்றி மருத்துவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். கடுமையான வயிற்று வலியோ, தொடர்ந்து இரத்தப்போக்கோ, காய்ச்சலோ வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். அப்படி நேர்வது அரிது. பாலிப் எடுத்திருந்தால் அதன் திசுப் பரிசோதனை முடிவு பிறகுதான் வரும். அடுத்த கொலோனோஸ்கோப்பி எத்தனை ஆண்டு கழித்து என்பது அந்த முடிவைப் பொறுத்தது. ஆகவே அந்த மறுசந்திப்பைத் தவறவிடாமல், முடிவின் நகல் ஒன்றையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.